டி.ஓ.எல். நிலம்: லைசன்ஸ்காரர் காலமானபின் யார் பெயரில் எடுப்பது?

தோட்டத்துப் பையன் (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். நில அலுவலக நடைமுறை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். விவரத்தை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

பழைய பால்மரத் தோட்டம் (இப்போது செம்பனை), அதன் எல்லைக்கும் ஆற்றுக்கும் நடுவில் 2 ஏக்கர். சித்தப்பா பெயரில் டி.ஓ.எல். (அரசு நிலத்தில் தற்காலிகமாக இருக்கும் லைசன்ஸ்). இந்த வருடக் கட்டணம் கட்டியாகிவிட்டது, ரெசிட் இருக்கிறது. ஆகஸ்டில் சித்தப்பா காலமாகிவிட்டார். சித்தியும் அவர் மகனும் பயிரைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நிலத்தில் இருப்பது: கங்கோங், சாவி (இரண்டும் கீரை), வெண்டை பாத்திகள், கால் ஏக்கர் மரவள்ளி, கரையோரம் வாழை, 15 டுரியான் மரம் (வைத்து நாலு வருடம்), ஆறு மாட்டுக்கு ஒரு கொட்டகை. கொட்டகைத் தரை சிமெண்ட், கால் செங்கல். இதே 2 ஏக்கரில் அரை ஏக்கரைப் பக்கத்து லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஆள் ஒருவர் மாதம் 150 ரிங்கிட் கொடுத்துப் பயிரிடுகிறார். ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கேள்விகள்:
1. டிசம்பர் 31க்கு முன் சித்தப்பா பெயரிலேயே அடுத்த வருடத்துக்குக் கட்டிவிடலாமா? கட்டினால் வாங்கிக்கொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள்.
2. பூசாக்கா (இறந்தவர் சொத்துப் பங்கீடு) மனுப் போட்டுப் பெயர் மாற்ற முடியுமா?
3. இத்தனை வருட ரெசிட் இருப்பதால் கிராண்ட் (நிலப் பட்டா) கேட்கும் உரிமை உண்டா?

---

பழைய கிராணி

தம்பி, மூன்றுக்கும் சுருக்கமான பதில்: வேண்டாம், முடியாது, இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

டி.ஓ.எல். என்பது சொத்து அல்ல. அரசு நிலத்தில் இன்னார் இன்ன வேலைக்கு இருக்கலாம் என்று அந்த ஆளுக்குக் கொடுக்கும் அனுமதி. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் 65ஆம் பிரிவில் கொடுக்கிறார்கள். கையில் வரும் தாள் போராங் (படிவம்) 4ஏ. எந்த மாதம் எடுத்தாலும் அந்த வருடம் டிசம்பர் 31க்கு மேல் ஓடாது. நவம்பரில் எடுத்தவருக்கு இரண்டே மாதம். 68ஆம் பிரிவு இன்னும் கறார்: லைசன்ஸ்காரர் இறந்த அன்றே லைசன்ஸ் முடிகிறது, வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே உங்கள் சித்தப்பா லைசன்ஸ் டிசம்பரில் முடியப்போவதில்லை, ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது.

இதனால்தான் முதல் கேள்விக்கு வேண்டாம் என்றேன். கவுண்டரிலோ ஆன்லைனிலோ பழைய கணக்கு எண்ணைப் போட்டால் பணம் ஏறிவிடலாம். கணினிக்கு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. ஆனால் அந்த ரெசிட், முடிந்துபோன லைசன்சை உயிர்ப்பிக்காது. மூன்று வருடம் இப்படியே கட்டிக்கொண்டு போய், ஒரு நாள் நிலச் சோதனைக்கு ஆள் வந்து ஐ.சி. (அடையாள அட்டை) கேட்டால், கையில் இருப்பது இறந்தவர் பெயரில் மூன்று ரெசிட். தெரிந்தே மறைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் சித்தி போடும் மனுவுக்கும் அது கெடுதல்.

பூசாக்கா: சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் (1955) கிராண்ட் உள்ள நிலம் இருப்பவர்களுக்கு. கிராண்டும் மற்றச் சொத்தும் சேர்ந்து 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போகாதவரை பூசாக்கா பிரிவில் போராங் ஏ போடலாம் (2024 ஜூலை 15 வரை வரம்பு 20 லட்சம்). டி.ஓ.எல்.லில் பங்கு போட ஒன்றும் இல்லை, மனுவைத் திருப்பித்தான் கொடுப்பார்கள். சித்தப்பாவுக்கு வேறு நிலமோ வீடோ இருந்தால் அதற்குத் தனியாகப் போடுங்கள், இதோடு சேர்க்காதீர்கள்.

செய்ய வேண்டியது: சித்தி அல்லது மகன் பெயரில் புது மனு. புதுப்பிப்பு மனு அல்ல, புது மனு. போராங்கை அந்தந்த மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மாநிலத்துக்கு மாநிலம் படிவமும் கட்டணமும் வேறு. உடன் வைக்க வேண்டியவை: சித்தப்பாவின் மூல 4ஏ, இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு அல்லது மகனின் பிறப்புப் பத்திரம், ஐ.சி. நகல், இந்த வருட ரெசிட் (பழையவை இருந்தால் அவையும்), நிலம் இருக்கும் இடத்தின் வரைபடம், பயிர் தெரியும்படி நாலைந்து படம். சித்தப்பாவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால், 'அம்மா பெயரில் எடுக்க எங்களுக்குச் சம்மதம்' என்று எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம். சட்டத்தில் இது கட்டாயமில்லை. ஆனால் ஒரு பிள்ளை அலுவலகத்தில் போய் 'எனக்கும் பங்கு' என்று எழுதிக் கொடுத்தால் ஃபைல் அங்கேயே படுத்துவிடும்.

ஒரு கடிதமும் எழுதுங்கள்: லைசன்ஸ்காரர் இன்ன தேதியில் காலமானார், குடும்பம் பயிர் செய்துகொண்டிருக்கிறது, மனு முடிவாகும்வரை அறுவடை செய்ய அனுமதி வேண்டும். இரண்டு பிரதி கொண்டு போய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பும் (முத்திரை) தேதியும் வாங்குங்கள். ஃபைல் நம்பர் கேளுங்கள். ஃபைல் நம்பர் இல்லாமல் வெளியே வந்தால் மனு போட்டதாகவே கணக்கில்லை.

யார் பெயர் என்பதில் இரண்டு கவனம். 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு அரசு நிலம் கொடுக்க மாட்டார்கள் (43ஆம் பிரிவு). சித்திக்குச் சிவப்பு ஐ.சி. என்றால் அவர் குடிமகள் அல்ல, மாநில அரசின் தனி ஒப்புதல் வேண்டியிருக்கும், இழுத்துக்கொண்டே போகும். மகனுக்கு நீல ஐ.சி. (குடிமக்களுக்கானது) என்றால் அவர் பெயரில் போடுவதே மேல்.

---

கம்பார்க்காரர்

கிராணி ரொம்பவே பயமுறுத்துகிறார். இருபது வருட ரெசிட் இருந்தால் அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்றுதானே அர்த்தம்? ஒய்.பி.யிடம் (தொகுதி மக்கள் பிரதிநிதி) ஒரு சப்போர்ட் லெட்டர் வாங்கி இணைத்துக் கிராண்டுக்கே போடச் சொல்லுங்கள் லா. நம் ஆட்கள் கேட்காமல் இருந்துதான் நிலமெல்லாம் போச்சு.

---

பாத்து செம்பாடான்

கேட்க வேண்டும் என்பது சரி. ஆனால் 'உரிமை' என்று எழுதிக் கேட்டால் காரியம் கெடும். 48ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான்: அனுபவித்ததாலோ, அத்துமீறி இருந்ததாலோ, லைசன்சில் இருந்ததாலோ, எத்தனை காலமானாலும் அரசு நிலத்தில் யாருக்கும் உரிமை பிறக்காது. லைசன்சையும் அதிலேயே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். நிலத்தைத் திருத்திப் பயிரிட்டவர்களுக்குச் சட்டத்திலோ நியாய உரிமையிலோ பிடிமானம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றமும் 1982இல் ஒரு பேராக் வழக்கில் சொல்லிவிட்டது. பழைய ரெசிட்டுக்கு ஒரு பயன் உண்டு: மனுவைப் பரிசீலிக்கும்போது 'ஒழுங்காகக் கட்டியவர், நிலத்தைச் சும்மா போடாதவர்' என்று காட்டும். அந்த அளவில்தான் அதை வைத்துப் பேசலாம். ஒய்.பி. கடிதமும் அப்படியே. ஃபைலை மேசைக்கு மேலே கொண்டுவரும், நிலத்தின் தகுதியை மாற்றாது.

நிலத்தின் தகுதிதான் இங்கே பெரிய விஷயம், இதுவரை யாரும் கேட்கவில்லை. 'தோட்ட எல்லைக்கும் ஆற்றுக்கும் நடுவில்' என்கிறார். அப்படிப்பட்ட துண்டு நாலு வகையில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, சாதாரண அரசு நிலம். இதுதான் சுலபம்.

இரண்டு, ஆற்று ரிசர்வ் (ஆற்றுக்காக ஒதுக்கிய கரை நிலம்). ஜே.பி.எஸ். (நீர்ப்பாசன, வடிகால் துறை) வழிகாட்டி அளவு இது: ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலம் என்றால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர், 20 முதல் 40 என்றால் 40 மீட்டர், 10 முதல் 20 என்றால் 20, 5 முதல் 10 என்றால் 10, 5க்கும் குறைவென்றால் 5. ரிசர்வ் நிலம் அதன் வேலைக்கு இப்போதைக்குப் பயன்படாமல் இருந்தால் அதிலும் டி.ஓ.எல். கொடுக்கலாம், ஆனால் ஜே.பி.எஸ். கருத்துக் கேட்காமல் நகராது. ஆற்றை ஆழப்படுத்த எக்ஸ்கவேட்டர் வர வழி வேண்டும் என்பார்கள். கரையோர வாழைக்கு முதல் அடி அங்கிருந்துதான் வரும். கிராண்டாக எடுக்கும் எண்ணம் இருந்தால் ரிசர்வ் பகுதியை மறந்துவிடுங்கள்.

மூன்று, மலாய் ரிசர்வ். அதற்குள் இருக்கும் அரசு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்குக் கொடுக்க முடியாது. பழைய லைசன்ஸ் கவனிக்காமல் போயிருந்தாலும் புது மனுவில் வரைபடத்தை வைத்துப் பார்ப்பார்கள்.

நான்கு, தோட்டத்தின் நிலமே. தோட்டக் கிராண்டின் எல்லை, வேலி போட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது கால்வாயை மாற்றி வெட்டியிருப்பார்கள், வேலி உள்ளே போயிருக்கும், வெளியே விட்ட துண்டை எல்லாரும் அரசு நிலம் என்று நம்பியிருப்பார்கள். கம்பெனி நிலத்துக்கு நில அலுவலகம் கொடுத்த டி.ஓ.எல். செல்லாது.

எப்படித் தெரிந்துகொள்வது? கையில் இருக்கும் போனில் நிலத்தின் நாலு மூலையிலும் நின்று ஆள்கூறு எடுங்கள். அதைக் கொண்டு நில அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் லெம்பார் பியாவாயில் (லாட் எல்லைகளைக் காட்டும் வரைபடத் தாள்) அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சுற்றியுள்ள லாட் நம்பர்கள் தெரியும். சந்தேகமான லாட்டுக்கு ஒரு சாரியான் (பதிவேட்டுத் தேடல்) எடுத்தால் உடைமையாளர் யார், நிபந்தனை என்ன, தடை ஏதும் இருக்கிறதா எல்லாம் வரும். லாட் நம்பர் இல்லாத வெற்று இடம் என்றால் அரசு நிலம் அல்லது ரிசர்வ். போனில் எடுத்த ஆள்கூறு சில மீட்டர் விலகும், எல்லைத் தகராறுக்கு அது போதாது. அதற்கு லைசன்ஸ் உள்ள நில அளவையாளர்தான். செம்மண்ணில் புதைந்துபோன எல்லைக் கல் கண்ணில் பட்டால் பிடுங்கி ஓரமாக வைக்காதீர்கள். அதை அசைப்பதே குற்றம்.

4ஏயில் எழுதியிருக்கும் பரப்பையும் பாருங்கள். 2 ஏக்கர் என்பது 0.8094 ஹெக்டர். தாளில் 0.6 என்று இருந்து, நீங்கள் 0.8 பயிரிட்டால் மிச்சம் அத்துமீறல். 425ஆம் பிரிவில் இப்போது உச்சத் தண்டனை 5 லட்சம் ரிங்கிட் அபராதம், அல்லது 5 வருடம் சிறை, அல்லது இரண்டும். சிறு விவசாயிக்கு அவ்வளவு போடுவார்களா என்பது வேறு. நோட்டீசில் அந்த எண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் நிலத்தை விட்டுவிடுகிறார்கள்.

---

தோட்டத்துப் பையன்

நன்றி ஐயா. 4ஏயை எடுத்துப் பார்த்தோம். பரப்பு 0.8094தான், பிரச்சினை இல்லை. நிபந்தனையில் 'தானாமான் கொந்தான்' மட்டும் என்று இருக்கிறது. அப்படியென்றால் டுரியானும் கொட்டகையும்?

---

கபூன் அக்கா

தம்பி, கொந்தான் என்றால் குறுகிய காலத்துப் பயிர். ஒரு வருட லைசன்சுக்குள் போட்டு எடுக்கக்கூடியது. கங்கோங் 3, 4 வாரம், சாவி ஒரு மாதம் சொச்சம், வெண்டை ஒன்றரை மாதத்தில் முதல் பறிப்பு, சோளம் 70 நாள் வாக்கில். இவற்றை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. வாழையும் மரவள்ளியும் 9 முதல் 12 மாதம் பிடிக்கும். பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் மார்ச்சுக்கு மேல் நட்ட மரவள்ளி டிசம்பரைத் தாண்டி மண்ணில் நிற்கும். லைசன்ஸ் புதுப்பிக்கவில்லை என்றால் கிழங்கு இன்னும் விரல் பருமனில் இருக்கும்போதே வெளியேறச் சொல்வார்கள். அதனால் டி.ஓ.எல். நிலத்தில் மரவள்ளி நடுவதென்றால் ஜனவரி, பிப்ரவரி.

டுரியான் கொந்தான் இல்லை. காய்க்கவே 5 முதல் 7 வருடம். ரம்புத்தான், மா, செம்பனை, பால்மரம் எல்லாம் இதே கணக்கு. நிபந்தனை மீறல் என்று எழுதி லைசன்சையே ரத்து செய்ய இது ஒன்று போதும். புது மனுவுக்காக நிலத்தைப் பார்க்க வருபவர் (பெங்குலு என்ற வட்டாரத் தலைவர் அல்லது நில அலுவலக ஆள்) அறிக்கையில் முதலில் எழுதுவது என்ன பயிர், என்ன கட்டடம் என்பதைத்தான். அந்த 15 மரத்தை வைத்துக்கொண்டு 'கொந்தான்' என்று மனுவில் எழுதாதீர்கள். இரண்டு வழி: வெட்டிவிட்டு மனுப் போடுவது, அல்லது உள்ளதை உள்ளபடி எழுதி மரங்களை வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி கேட்பது. இரண்டாவது வழியில் 'வெட்டு' என்ற பதில் வரும் வாய்ப்பே அதிகம், ஆனால் மனு கெடாது. மூன்றாவது வழி, படத்தில் மரம் தெரியாமல் எடுப்பது. அதை எல்லாரும் செய்கிறார்கள், எல்லாரும் மாட்டுகிறார்கள்.

செம்பனை ஆசை யாருக்காவது இருந்தால் இன்னொரு சிக்கல்: குலை விற்க எம்.பி.ஓ.பி. (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) லைசன்ஸ் வேண்டும், அதற்கு நிலப் பத்திரம் கேட்பார்கள். கொந்தான் என்று எழுதிய 4ஏயைக் காட்டிச் செம்பனைக்கு லைசன்ஸ் கேட்க முடியாது. லைசன்ஸ் இல்லாமல் அடுத்தவர் பெயரில் குலையை ஏற்றுவது இருவருக்கும் குற்றம்.

கொட்டகை. மரக்கால், துத்தநாகக் கூரை, ஆணி கழற்றினால் ஒரே நாளில் பெயர்க்கலாம் என்றால் தற்காலிகம். செங்கல் கால், ஊற்றிய சிமெண்ட் தரை நிரந்தரம். ஆனால் மாட்டுக்குக் கழுவக்கூடிய தரை இல்லாமல் முடியாது. சேற்றில் நின்றால் குளம்பு அழுகும், மடிநோய் வரும். இங்கே வழி, ஊற்றிய தரைக்குப் பதில் தூக்கக்கூடிய சிமெண்ட் பலகை: 2 அடிக்கு 2 அடி, 2 அங்குல கனம், கெட்டித்த மணல் படுக்கைமேல் அடுக்கி, 4 அடிக்கு 1 அங்குலம் சாய்வு, கீழ்க்கோடியில் சாணிக் கால்வாய். மேலே பழைய ரப்பர் பாய். கொஞ்சம் ஆடும், வருடம் ஒருமுறை மணல் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். செங்கல் காலை எடுத்துவிட்டு மரக்கால் போடுங்கள். அதற்கு முன் ஒரு விஷயம்: 4ஏ பயிருக்கு மட்டுமா, கால்நடைக்கும் சேர்த்தா? பயிர் மட்டும் என்றால் தரை எதுவானாலும் மாடே மீறல். புது மனுவில் பயன்பாட்டுக் கட்டத்தில் இரண்டையும் எழுதுங்கள். கால்நடை என்றால் கால்நடைத் துறை கருத்தும் கேட்பார்கள், சாணித் தண்ணீர் ஆற்றுக்குப் போகிறதா என்று ஜே.பி.எஸ். கேட்கும். கொட்டகையை ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி மாற்ற முடியுமோ அவ்வளவு தள்ளிக் காட்டுங்கள்.

---

கம்பார்க்காரர்

15 டுரியானை வெட்டச் சொல்ல எப்படி மனசு வருது அக்கா. நாலு வருட மரம்.

---

கபூன் அக்கா

மனசு வராதுதான். ஒட்டு மரமாக இருந்தால் குருத்துக்கிளை எடுத்து, கிராண்ட் நிலம் உள்ள யாரிடமாவது நாற்றில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நாலு வருட மரத்தைப் பெயர்த்து நடுவது பிழைக்காது, அந்தக் கூலிக்குப் புது ஒட்டுக்கன்று வாங்கலாம்.

---

பழைய கிராணி

அந்த 150 ரிங்கிட் விஷயத்தை யாரும் தொடவில்லை. கொட்டகையைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

லைசன்ஸை மாற்றிக் கொடுக்க முடியாது என்றால் அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விடவும் முடியாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு எதிரான சாட்சி அது. சட்டம் தடுத்ததைச் செய்ய எழுதிய ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 24ஆம் பிரிவின்படி செல்லாது. அவர் வாடகை கொடுக்காவிட்டால் நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது, நீங்கள் வெளியே தள்ளினால் அவரும் போக முடியாது. அவருக்கு ஒரே ஒரு இடம் போக முடியும்: நில அலுவலகம். 'நான்தான் பயிரிடுகிறேன், லைசன்ஸ்காரர் இறந்துவிட்டார்' என்று அவர் அந்த அரை ஏக்கருக்குத் தன் பெயரில் மனுப் போட்டால், அதைத் தடுக்க உங்களிடம் ஒரு காரணமும் இல்லை. லைசன்ஸ் ஆகஸ்டிலேயே முடிந்ததால் இந்த நிமிடம் சட்டத்தின் பார்வையில் இரு தரப்பும் சமம்.

ஆகவே நல்லபடியாகப் பேசி முடியுங்கள். இரண்டு முடிவுதான் நேரானது. நிற்கும் பயிரை அவர் எடுத்துக்கொண்டு, வாடகை நிறுத்தி, விலகுவது. விலகிவிட்டதாக ஒரு கடிதம். அல்லது 0.6 ஹெக்டருக்கு நீங்கள், 0.2 ஹெக்டருக்கு அவர் என்று தனித்தனி மனு, ஒரே வரைபடத்தில் நடுக்கோடு போட்டு. இரண்டாவது வழியில் நிலம் குறையும், ஆனால் ஆட்சேபம் இல்லாத ஃபைல் வேகமாக நகரும். இனி வாடகை வாங்காதீர்கள், டிசம்பர் வரைக்கும்கூட.

கூலிக்கு ஆள் வைப்பது வேறு, வாடகைக்கு விடுவது வேறு. கூலிக்கு வைத்தால் விளைச்சல் உங்களுடையது, அவருக்குச் சம்பளம். சோதனைக்கு வருபவர் கேட்பது 'விதை யார் காசு, விற்ற காசு யாருக்கு' என்றுதான்.

---

தோட்டத்துப் பையன்

அவரோடு பேசிவிடலாம், நல்ல மனிதர்தான். கடைசியாக ஒன்று. வருடா வருடம் இப்படித் தொங்கிக்கொண்டு இருக்காமல் நீண்ட காலத்துக்கு எடுக்க வழி உண்டா? அரசாங்கம் திடீரென்று எடுத்துக்கொண்டால் இழப்பீடு கிடைக்குமா?

---

பாத்து செம்பாடான்

இழப்பீடு முதலில். அரசு தன் நிலத்தைத் திரும்ப எடுப்பது நிலக் கையகப்படுத்தல் அல்ல. 1960ஆம் ஆண்டுக் கையகப்படுத்தல் சட்டம் இங்கே வராது. டி.ஓ.எல். காலாவதி ஆகிவிட்டால் ஒன்றும் தர வேண்டியதில்லை. சில நேரம் பயிருக்குச் சகுஹாத்தி கொடுப்பார்கள். கருணைத் தொகை, வழக்குப் போட்டு வாங்க முடியாது. ஆனாலும் அதற்குத் தயாராக இருங்கள்: வாழைக் குத்து எத்தனை, மரவள்ளி எத்தனை வரிசை, கொட்டகை நீள அகலம் எல்லாம் ஒரு தாளில், தேதி விழும் படத்தோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எண்ணிக்கை கணக்கு எடுக்க ஆள் வரும் நாளில் நீங்களும் கூடவே நின்று எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். வெளியேறும் நோட்டீசுக்குப் பின் நட்டதை எண்ண மாட்டார்கள்.

நீண்ட காலத்துக்கு மூன்று வாசல். ரிசர்வ் நிலம் என்றால், அதை வைத்திருக்கும் இலாகா மாநில அரசு ஒப்புதலோடு 21 வருடம் வரை குத்தகைக்கு விடலாம் (63ஆம் பிரிவு). ஆற்று ரிசர்வுக்கு இதை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, விவசாயத் துறையின் டி.கே.பி.எம்., நிரந்தர உணவு உற்பத்திப் பூங்கா. நிலம் மாநிலத்தினுடையது, பாதை, வடிகால் போன்ற அடிப்படை வேலையைத் துறை செய்து, பங்கேற்பவருக்கு ஒப்பந்தத்தில் துண்டு கொடுக்கிறார்கள். சிலாங்கூரில் சிப்பாங் பக்கம் உலு சுச்சோவில் இருப்பது இந்த மாதிரிதான். அதிலும் கிராண்ட் கைக்கு வராது, நிலத்தைச் சும்மா போட்டால் எடுத்துவிடுவார்கள். ஆனால் பயிர்த் திட்டத்தோடு கூடிய ஒப்பந்தம் என்பதால் டி.ஓ.எல்.லைவிட நிலையானது. மாவட்ட விவசாய அலுவலகத்தில் காலித் துண்டு உண்டா என்று கேளுங்கள். உங்கள் 2 ஏக்கரை அப்படியே மாற்ற முடியாது, இது வேறு இடம்.

மூன்றாவது, கிராண்ட் மனு. மனு, நிலப் பார்வை, இலாகாக்களின் கருத்து, மாவட்டத்தின் பரிந்துரை, பிறகு மாநில ஆட்சிக்குழு. விவசாய நிலமென்றால் பெரும்பாலும் காலவரை உள்ள பட்டா, 99 வருடத்துக்கு மேல் போகாது. இந்த வரிசையில் நம்மவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஒப்புதல் கிடைத்ததும் போராங் 5ஏ வரும். பிரீமியம், முதல் வருட நில வரி, அளவைக் கட்டணம், பட்டாக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு தொகை, கட்ட ஒரு கெடு. கெடுவுக்குள் முழுத் தொகையும் கட்டாவிட்டால் ஒப்புதலே செத்துவிடும். பாதி கட்டி மீதிக்கு அவகாசம் என்பது கிடையாது. நீட்டிப்பு வேண்டுமென்றால் கெடு முடிவதற்குள் எழுதிக் கேட்க வேண்டும். முடிந்த மறுநாள் முழுப் பணத்தோடு போனாலும் மீண்டும் மனுவிலிருந்து ஆரம்பம். 5ஏ வருவதற்குள் மனுக்காரர் லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) போயிருப்பார், கடிதம் பழைய தோட்ட முகவரிக்குப் போய்ப் பெட்டியில் கிடக்கும். முகவரி, போன் மாறினால் ஃபைல் நம்பர் போட்டு உடனே எழுதிக் கொடுங்கள். பணமும் கையில் இருக்கட்டும்: டி.ஓ.எல்.லை அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது, பட்டா பதிவாகும்வரை வைக்கவும் ஒன்றும் இருக்காது.

பட்டா வந்தபின் நில வரி ஜனவரி 1 முதல் கட்ட வேண்டியது, மே 31க்குள். ஜூன் 1 முதல் பாக்கி. பாக்கி நின்றால் போராங் 6ஏ வரும், அதன் கெடுவும் தாண்டினால் நிலம் பறிமுதல் ஆகலாம். டி.ஓ.எல். கட்டிப் பழகியவர்கள் டிசம்பர்தான் கெடு என்று இருந்துவிடுகிறார்கள்.

டி.ஓ.எல். மனுவும் கிராண்ட் மனுவும் ஒரே நேரத்தில் ஓடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓடலாம். முதலில் டி.ஓ.எல்.லைச் சித்தி மகன் பெயரில் சரி செய்யுங்கள். லைசன்ஸ் இல்லாமல் நிலத்தில் இருந்துகொண்டு கிராண்ட் கேட்டால், நிலப் பார்வை அறிக்கையில் 'அத்துமீறி இருக்கிறார்' என்றுதான் எழுதுவார்கள், அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மேலே யாரும் படிக்க மாட்டார்கள்.

---

பழைய கிராணி

ஒரு சேர்க்கை. மனு தள்ளுபடியானால் எழுத்தில் கடிதம் கேளுங்கள், வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். நில நிர்வாகியின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 418ஆம் பிரிவில் மூன்று மாதம்தான், முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து. கடிதம் வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை தேதி அதில்தான் இருக்கும். லைசன்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலத்தின் விருப்பம் என்பதால் வழக்கு வெல்வது கடினம். அதற்குச் செலவழிக்கும் முன், என்ன காரணத்துக்காகத் தள்ளினார்களோ அதைச் சரி செய்து மறு மனுப் போடுவதே பெரும்பாலும் மலிவு. ஜே.பி.எஸ். ஆட்சேபம் என்றால் ஆற்றோரத்தை விட்டுக்கொடுத்து மீதிப் பரப்புக்கு மட்டும் வரைபடம் திருத்தினால் சரியாகிவிடும் கேஸ்கள் உண்டு.

---

தோட்டத்துப் பையன்

அப்படியானால் வரைபடத்தையே முதலில் ஆற்றோரத்தை விட்டு வரைந்துவிடலாமா, ஆட்சேபம் வரும்வரை காத்திருக்காமல்?

---

பாத்து செம்பாடான்

ஆற்றின் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். மழை நாளில் அல்ல, கரை விளிம்பிலிருந்து எதிர்க்கரை விளிம்பு வரை. 8 மீட்டர் என்றால் 10 மீட்டர் விட்டால் போதும், 12 மீட்டர் என்றால் 20 விட வேண்டும். நிலம் நீளவாக்கில் ஆற்றை ஒட்டி ஓடினால் அந்தப் பத்து மீட்டரிலேயே கால் ஏக்கருக்கு மேல் போகும். மனுவில் முழு 0.8094ஐயும் கேளுங்கள், வரைபடத்தில் ரிசர்வ் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டு 'இந்தப் பகுதியில் கட்டடமோ மரமோ இல்லை, இலாகா வாகனம் போக வழி விடப்படும்' என்று எழுதுங்கள். வாழையை அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் மாற்றி நடுங்கள். பக்கக் கன்று பெயர்த்து வைக்க இப்போது மழைக்காலமே சரி.